பெலார்மினோவின் வேலி

ஃப்ளோரெஸ் தீவின் மேற்கு மேட்டில்
பதினாறு ஆன்டெனாக்கள் நிற்கின்றன.
ஒவ்வொன்றும் என் இடுப்புயரம்.
தனித்தனியே பார்த்தால் எல்லாம் அரைச்செவிடு.

ஒரே செய்தி
ஒன்றுக்கு முந்தி, இன்னொன்றுக்குப் பிந்தி வரும்,
கண்ணிமைப்பதற்குள் கோடி முறை அடங்கிவிடும் பிந்தல்.
முந்திக் கேட்டதைக் காக்கவைத்து
பிந்திக் கேட்டது வந்து சேர்ந்ததும்
சேர்த்துக் கூட்டுவதுதான் என் பிழைப்பு.
கூட்டினால்
இரைச்சல் ஆளுக்கொரு பக்கம் இழுத்து அடங்கும்.
செய்தி மட்டும் தோள்மேல் தோளேறி எழும்.
எட்டு வருஷமாகச் செய்கிறேன்.
இன்னமும் உள்ளே ஏதோ சிலிர்க்கும்.
ஜுல்மிராவிடம் சொன்னதில்லை.

மார்ச்சில் ஒரு டிக்.
பிறகு ஒரு டிக்.
நொடிக்கொரு தரம், இரவும் பகலும்,
யாரோ வானத்தின் கதவில்
நகத்தால் தட்டுவது போல.

எந்தத் திசை என்று கணக்கைக் கேட்டேன்.
இருநூற்று எண்பத்தொரு பாகை என்றது.
சரி, அந்தப் பக்கம் காதை மூடு என்றேன்.
சுவர் எழுப்பவில்லை, மரம் நடவில்லை,
பதினாறு சிக்கலெண்களைக் கொஞ்சம் திருகியதோடு சரி.
வரைபடத்தில் எங்கள் கேள்வி ஒரு பூ:
பெரிய இதழ் ஒன்று, சுற்றிலும் சில்லறை இதழ்கள்.
மேற்கில் ஒன்று கிள்ளி எடுத்தாற்போல் பள்ளம்.
டிக் நின்றது.
ஜுல்மிரா காப்பி போட்டாள்.

அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான்
வியாழக்கிழமை செயற்கைக்கோள் ஏறியது.
முதல் தொண்ணூறு நொடி
அது பேசியதெல்லாம் குழியில் விழுந்தது.
'செய்தி ஏதுமில்லை' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

தொண்ணூற்றாறு நிமிடம் கழித்து
வேறு கோணத்தில் வந்தபோதுதான்
எஸ்ட்ரெலிஞ்யா படகின் குரல் கேட்டது:
எஞ்சின் நின்றுவிட்டது, காற்று வடக்கே தள்ளுகிறது, நான்கு பேர்.

யாரும் சாகவில்லை.
கவிதை என்றதும் நீங்கள் அதைத்தான் எதிர்பார்ப்பீர்கள்,
அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.
இழுத்து வந்தார்கள், ஒருவனுக்குச் சளி.
ஆனால் 'ஏதுமில்லை' என்ற என் வரி
இன்னும் பதிவேட்டில் இருக்கிறது.
மையால் எழுதியது.

மறுநாள் இருநூற்று எண்பத்தொரு பாகையில் நடந்தேன்.
ஒரு சரிவு, ஒரு ஓடை, நீலப் பூப்புதர் வரிசை,
அதற்கப்பால் பெலார்மினோவின் மின்வேலி.
பீங்கான் குமிழ் ஒன்று விரிசல் விட்டு
ஈரத்தில் நொடிக்கொரு பொறி கக்கிக்கொண்டிருந்தது.
"இதுவா உங்கள் வானத்தைக் கெடுத்தது?" என்று
வயிறு குலுங்கச் சிரித்தார்.
புதுக் குமிழ் கப்பலில் வரவேண்டும்,
மூன்று வாரம் ஆகும்.
செயற்கைக்கோள் வரும் நேரங்களை எழுதிக் கொடுத்தேன்.
பால் கேனில் ஒட்டிக்கொண்டார்.
பதினோரு நிமிடம் வேலியை அணைப்பதாகப் பேச்சு.

பதினோரு நிமிடம் என்பது
ஒரு பசுவுக்கு எவ்வளவு நீளம் என்று
நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

இரவு இரண்டேகால்.
மேற்குப் பள்ளத்தை என் கையால் நிரப்பிவிட்டு
காத்திருக்கிறேன்.
கோள் ஏறுகிறது, மெல்லிய இழையாய்க் குரல் வருகிறது,
திடீரென்று ஒன்பதாவது ஆன்டெனா உளறத் தொடங்குகிறது.
ஜன்னலில் பார்த்தேன்:
மூடுபனியில் ஒரு பசு
அதன்மீது கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது.
அவசரமில்லாமல். கண்மூடி.

கம்பம் சாய்ந்தது.
கணக்கு அரைநொடி தடுமாறிற்று,
ஒன்பதுக்கு எடை பூஜ்யம் என்று தீர்த்தது,
மீதிப் பதினைந்தும்
நடுவில் ஒருத்தி உட்கார்ந்துவிட்ட கோரஸ் போல
கொஞ்சம் நெருங்கி நின்று
பாட்டை விடாமல் பிடித்தன.

காலையில் பெலார்மினோ கயிற்றோடு வந்தார்.
"சரி, எகாஸ், என்னதான் கேட்டது?"
"எஸ்ட்ரெலிஞ்யாதான்.
நாற்பது பெட்டி மீன், ஞாயிறு திரும்புகிறார்கள்."

"இதற்கா என் மாட்டை அவிழ்த்துவிட்டேன்" என்றார்.
பசுவை இழுத்துக்கொண்டு பத்தடி போனவர் திரும்பி,
"என்ன மீனாம்?"